மூன்றாவது திரையில் கொள்ளிடம்

அணைந்து கிடக்கும் திரையைவிடப் பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும் திரை ஆபத்தானதாக இருக்க முடியுமா? சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை தொடங்கியிருந்த ஒரு செவ்வாய்க்கிழமைக் காலையில், கடலூர் முதுநகரில் எங்கள் வெள்ளக் கண்காணிப்பு அறையின் நடுவே நின்றுகொண்டு இந்தக் கேள்வியை நான் சந்திக்க நேர்ந்தது. அதை என் முன் கொண்டுவந்து நிறுத்தியவர் ஒரு பெண். முதுநகரில் பிறந்தவர். சிதம்பரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது, எழுதவில்லை.

என்னைவிட அவர் ஆறு மாதம்தான் மூத்தவர். அந்த ஆறு மாதத்தை அவர் ஒருபோதும் விட்டுக்கொடுத்ததில்லை. பிறந்த தேதியைக் கேட்டறிந்த அன்றிலிருந்து நான் அவருக்குத் தம்பி. அவர் எனக்கு அக்கா.

ஒரு கருவி பாதியில் நின்றுபோனால் மற்றவர்களுக்கு எரிச்சல் வரும். அக்காவுக்கு ஆனந்தம் வரும். எந்த இடத்தில் நின்றது, எவ்வளவு தாங்கிவிட்டு நின்றது என்பது தெரிந்த கணத்தில் இரண்டு கைகளையும் தட்டி, "கெடச்சிடுச்சு!" என்று கூவுவார். சந்தின் மறுமுனையில் இருந்த தேநீர்க் கடைக்காரர் அந்தக் குரலைக் கேட்டதும், "என்னாம்மா, இன்னிக்கு எது செத்துச்சி?" என்று அங்கிருந்தே விசாரிப்பார்.

"செத்துப்போவல அண்ணா! எதுவரைக்கும் போவும்னு தெரிஞ்சிடுச்சி!"

'எதுவரைக்கும்' என்பதே அவர் வாயில் அதிகம் புழங்கிய சொல். கடைக்கு வந்து, இது முடியுமா என்று யார் கேட்டாலும் முடியும் என்றோ முடியாது என்றோ அவர் சொன்னதில்லை. எதுவரைக்கும் வேண்டும் என்று திருப்பிக் கேட்பார். கொண்டுவரப்படும் பழைய கணினிகளுக்கெல்லாம் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுப்பார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "இது எங்க நின்னுச்சு, எதனால நின்னுச்சுன்னு எழுத்துல காட்டும் தம்பி. வேற சிலது 'மன்னிக்கவும்'னு மட்டும் சொல்லும். மன்னிப்ப வெச்சிக்கிட்டு நான் என்னா பண்றது?"

பண்ருட்டியிலிருந்து பலா, முந்திரி வியாபாரி ஒருவர் வந்திருந்த நாளில் நானும் கடையில் இருந்தேன். மண்டியில் நான்கு பெரிய திரைகள் மாட்டி, லாரி வரவு, சந்தை விலை, வாசல் கேமரா எல்லாவற்றையும் ஒருசேரப் பார்க்க வேண்டும் என்பது அவர் திட்டம். அக்கா அவருடைய கணினியைத் திறந்து, அரை மணி நேரம் குடைந்துவிட்டுக் கையைத் தட்டினார்.

"கெடச்சிடுச்சு மாமா! உங்க பொட்டி மூணோட நின்னுடும்."

"நான் நாலு கேட்டேன். நீ மூணுங்கிற. அதுக்கு ஏம்மா லாட்டரி அடிச்ச மாதிரி சிரிக்கிற?"

"நாலாவது வாங்கிட்டுப் போயி மாட்டி, எரியலன்னு என்னை வந்து திட்டியிருப்பீங்க. இப்ப வாங்காமலே திட்டறீங்க. உங்களுக்கும் லாபம், எனக்கும் லாபம்."

வியாபாரி சிரித்துவிட்டார். ஆனால் எல்லோரும் சிரிப்பதில்லை. அவருடைய மகிழ்ச்சியைத் தம் குறையைக் கண்ட கேலியாக எடுத்துக்கொண்டு போனவர்களும் உண்டு. மனிதர்களிடமும் அவர் அதே கேள்வியைக் கேட்பார் என்பதுதான் காரணம். சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு நெரிசலான பேருந்தில் நாங்கள் வந்த ஒருநாள், ஒற்றைக் காலில் நின்றபடி நடத்துநரைக் கேட்டார்: "அண்ணா, எத்தனை பேரு ஏறுனா நீங்க போதும்னு சொல்லுவீங்க?"

"அப்படி ஒரு நம்பரே கெடையாதும்மா. உள்ள போயிக்கிட்டே இரு."

புதுச்சத்திரம் தாண்டும்வரை அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்து முடித்ததும் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க தம்பி. உங்க ரூம்ல எத்தனை ஊரைப் பாத்துக்க முடியும்?"

"கேக்கற ஊரையெல்லாம் பாத்துக்கணும்க்கா. யாரை வேணாம்னு சொல்றது?"

"நீங்களும் கண்டக்டர் மாதிரியே பேசுறீங்களே!"

எனக்கு அது சுட்டது. சமூகப் பணியில் பட்டம் பெற்றவன் நான். உதவி கேட்பவரிடம் எல்லையைப் பற்றிப் பேசுவது இரக்கமின்மை என்று அப்போது நம்பியிருந்தேன்.

எங்கள் அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். படித்து முடித்த நண்பர்கள் சிலர் சேர்ந்து, ஒரு தேவாலய வளாகத்தில் கிடைத்த கூடத்தில் அதை நடத்தினோம். ஆற்று நீர் அளவுகளும் அணைத் திறப்புச் செய்திகளும் பொதுவில் வெளியாகின்றன. ஆனால் கரையோரச் சிற்றூர்களுக்கு அவை நேரத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. அவற்றைத் திரட்டி வரைபடத்தில் ஏற்றி, அபாயம் தெரிந்தால் ஊர்ப் பொறுப்பாளரைத் தொலைபேசியில் அழைப்பதே எங்கள் வேலை. வடக்கே கடலூரையொட்டிப் பெண்ணையாறும் கெடிலமும், நடுவே வெள்ளாறு, தெற்கே மாவட்டத்தின் விளிம்பில் கொள்ளிடம். ஒன்றுக்கு ஒரு திரையாக, மூன்று வரைபடங்கள்.

நன்கொடையாளர் ஒருவர் மூன்று பெரிய திரைகளை அனுப்பினார். தெருப் பெயர்கூடத் தெளிவாகத் தெரியும் வகையில் ஒவ்வொன்றின் அகலத்திலும் மூவாயிரத்து எண்ணூற்று நாற்பது புள்ளிகள். எங்களிடம் இருந்ததோ ஒரு பழைய கணினி. அதன் முதுகில் திரை இணைக்கும் துளைகள் மூன்று இருந்தன. மூன்று துளை இருந்தால் மூன்று திரை எரியும்: இதுதான் என் கணக்கு. அக்காவிடம் கேட்கவில்லை. கேட்டால் எதுவரைக்கும் என்பார். திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது.

விழா சனிக்கிழமை. அன்று காலையில் சுவரில் வரிசையாக மாட்டிய திரைகளில் இரண்டு எரிந்தன. மூன்றாவது கருப்பாகவே நின்றது. கேபிளை மாற்றினேன், கணினியை அணைத்துப் போட்டேன், பயனில்லை. விருந்தினர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அமைப்புகளைத் துழாவியபோது, பக்கத்துத் திரையில் உள்ளதையே இதிலும் காட்டு என்றொரு வசதி கண்ணில் பட்டது. அழுத்தினேன். மூன்றாவது திரை எரிந்தது. அதில் தெரிந்தது வெள்ளாறு. மேலே நான் ஒட்டியிருந்த அட்டையில் 'கொள்ளிடம்'. இரண்டும் நீலக் கோடுகள்தாம். ஒருநாள் விழாவுக்குத்தானே என்று எண்ணிக்கொண்டேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

கை தட்டியவர்களில் கொள்ளிடக் கரைச் சிற்றூர் ஒன்றின் பொறுப்பாளரும் இருந்தார். அறுபதை நெருங்கும் விவசாயி. அந்த ஊரில் மழைக்காலம் முழுக்க வீட்டுக்கு ஒருவர் முறைவைத்து ஆற்று மதகின் மேல் உட்கார்ந்து, சுவரில் தீட்டிய வண்ணக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பது வழக்கம். இரண்டாம் கோட்டை நீர் தொட்டால் முறைக்காரர் தகரத்தைத் தட்டுவார். முறை வரும் வீட்டுக்கு அன்றைய கூலி இழப்பு. உட்கார்ந்தவருக்குக் காய்ச்சலும் வரும். பெரியவர் மூன்றாவது திரையைத் தம் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, என் கையைப் பிடித்து, "இனிமே எங்க ஆளுங்க மழையில நனைய வேணாம் சார்" என்றார். நான் தலையசைத்தேன். அந்தத் தலையசைப்பை இன்றும் என்னால் மன்னிக்க இயலவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் அக்கா வந்தார், நனைந்த குடையோடு. விழாவுக்கு வர முடியாமல் போனதற்கு ஈடாகச் சிதம்பரத்திலிருந்து ஒரு பை நிறைய முறுக்கு. மூன்று திரைகளையும் பார்த்து, "அடேங்கப்பா!" என்றவர், மேசையில் இருந்த சுட்டியை எடுத்து இங்கும் அங்கும் ஓட்டினார். இரண்டாம் திரையில் அம்புக்குறி மேலே போனது. மூன்றாம் திரையிலும் மேலே போனது. கீழே இழுத்தார். இரண்டிலும் கீழே வந்தது.

"தம்பி, ரெண்டும் ஒண்ணா அசையுதே?"

நான் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கறுப்புச் சாளரம் ஒன்றைத் திறந்து ஒரு கட்டளையைத் தட்டினார். மூன்று திரைகளையும் தனித்தனிப் படங்களாகப் பக்கவாட்டில் அடுக்கச் சொல்லும் கட்டளை அது. கணினி ஒற்றை வரியில் மறுத்தது. வரியின் கடைசியில் இரண்டு எண்கள் இருந்தன. இரண்டும் எட்டாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.

அக்கா எழுந்து நின்று கைகளைத் தட்டினார். "கெடச்சிடுச்சு! பாருங்க, எவ்ளோ நேர்மையா சொல்லுது!"

"எனக்கு ஒண்ணும் புரியலக்கா."

"வெளிய மூணு திரை. உள்ள இருக்கறது ஒரே துணி. ஒரே துணியில மூணு படத்தையும் வரைஞ்சி, வெட்டி வெட்டி ஒவ்வொரு திரைக்கும் அனுப்புது. இந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கற சிப்பும் இந்தப் பழைய லினக்ஸும் சேந்து நெய்யற துணிக்கு அகலம் எட்டாயிரத்து சொச்சம் புள்ளிதான். ரெண்டு திரை ஏழாயிரத்து அறுநூத்தி எண்பது. அடங்கிடுச்சி. மூணாவதையும் பக்கத்துல வெச்சா பதினோராயிரத்து ஐநூத்தி இருவது. துணி பத்தல."

"புது லினக்ஸ் போட்டா?"

"எல்லை தள்ளிப்போவும்னுதான் தோணுது. ஆனா உங்க வரைபட சாஃப்ட்வேரு அதுல ஓடுமான்னு சோதிக்கணும். மழை வெளிய நிக்குது தம்பி. இப்ப சோதனை பண்ற நேரமா?"

நான் சோர்ந்து உட்கார்ந்துவிட்டேன். திரைகளின் கூர்மையைக் குறைத்தால் மூன்றும் அடங்கும். ஆனால் சிற்றூர்களின் பெயர்கள் மங்கிவிடும். அவர் மட்டும் உட்காரவில்லை. சுவரையே பார்த்தபடி அறையின் குறுக்கே நடந்தார். திடீரென்று திரும்பினார்; முகம் முழுக்க வெளிச்சம்.

"எண்ணு ரெண்டு இருந்திச்சே! அகலம் ஒண்ணு, உயரம் ஒண்ணு. உயரத்துலயும் எட்டாயிரத்து சொச்சம் கெடக்கு. நீங்க அதுல மூணுல ஒரு பங்குகூடத் தொடல! வடக்க, தெக்கன்னு வரைபடம் போடுறீங்களே, கொள்ளிடம் எங்க இருக்கு?"

"தெக்கே."

"அப்ப அதைக் கொண்டுபோயி மேல வரிசையில ஏன் நிக்க வெச்சிருக்கீங்க? தெக்கதானே இருக்குது, கீழ எறக்குங்க!"

இருவருமாக மரையாணிகளைக் கழற்றினோம். மேலே இரண்டு, அவற்றின் கீழே ஒன்று. பெஞ்சின் மேல் பழைய பாட்டுப் புத்தகங்களை அடுக்கி மூன்றாவது திரையை நிறுத்தினோம். அக்கா கட்டளையை மாற்றித் தட்டினார். திரை ஒருகணம் கருத்தது. பிறகு, அணைக்கரையில் தொடங்கி வளைந்து வளைந்து கடலை நோக்கிப் போகும் கொள்ளிடம் அதன் எல்லாத் திட்டுகளோடும் எங்கள் முழங்கால் உயரத்தில் விரிந்தது. நான் கத்திவிட்டேன். அக்கா என்னைவிடச் சத்தமாகக் கத்தினார். பக்கத்து அறையில் ஞானோபதேச வகுப்பு நடத்திக்கொண்டிருந்த கன்னியாஸ்திரி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கீழ்த் திரையில் மட்டும் அம்புக்குறி விட்டுவிட்டு நகர்ந்தது. அந்தக் கேபிள் வழியாக அத்தனை புள்ளிகளையும் நொடிக்கு முப்பது முறைக்கு மேல் அனுப்ப இயலாது என்று அக்கா கண்டறிந்து, அதற்கும் தனியாக ஒருமுறை கை தட்டினார். "ஜாஸ்தி கேக்காதீங்க. கொள்ளிடம் என்னா, நொடிக்கு முப்பது தடவையா மாறப்போவுது?"

முறுக்கை எடுத்துக் கடித்தவர், பாதியில் நிறுத்தினார்.

"சனிக்கெழமையிலேருந்து இதுல வெள்ளாறுதான் ஓடிச்சா?"

"ஆமாம்."

"அதைக் கொள்ளிடம்னு யாரு நம்புனா?"

பெரியவரைப் பற்றிச் சொன்னேன். அன்றிலிருந்து முறைக்காவலை அவர்கள் விட்டுவிட்டதையும் சொன்னேன். அக்காவின் முகம் மாறியது. அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

"கெளம்புங்க. போயி சொல்லிட்டு வருவோம்."

நான் தயங்கினேன். அந்தத் தயக்கத்துக்கு எனக்குக் காரணங்கள் இருந்தன. அவற்றை நேர்மையானவை என்றே நினைத்தேன். "இப்பதான் சரியாயிடுச்சேக்கா. இனிமே நெசமாவே கொள்ளிடம் தெரியும். மூணு நாளுல ஒண்ணும் நடக்கல. போயிச் சொன்னா நம்பிக்கை போயிடும். அடுத்த தடவை நாம போன் பண்ணா எடுக்கவே மாட்டாங்க. அது இன்னும் ஆபத்து இல்லியா?"

அவர் வாதாடவில்லை. கீழ்த் திரையைக் காட்டினார். "தெரியுது. சரி. எதுவரைக்கும் தெரியுது?"

நான் யோசித்துச் சொன்னேன். அணைக்கரையில் எடுக்கும் அளவு வெளியாகி எங்களுக்கு வந்து சேர்ந்தால்தான் வரைபடம் மாறும். அடுத்த அளவு வரும்வரை பழையதே நிற்கும். சில சமயம் சில மணி நேரம்கூட ஆகும்.

"அந்த இடைவெளியில ஆத்த யாரு பாப்பா?"

"முறைக்காரர்."

"அவுரத்தான் நீங்க வீட்டுக்கு அனுப்பிட்டீங்களே தம்பி."

குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சிதம்பரம் பேருந்தில் ஏறினோம். அங்கிருந்து இன்னொரு பேருந்து. வழி நெடுக மழை. பிற்பகலில் ஊர்ப் பள்ளியின் தாழ்வாரத்தில் பெரியவரும் பத்துப் பதினைந்து பேரும் கூடினார்கள். என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் சொன்னேன்.  தலையில் துண்டு போட்டிருந்த ஓர் அம்மாள், "அப்ப மூணு நாளா சாரு வெள்ளாத்தையே ரெண்டு கண்ணாலயும் பாத்துக்கினு இருந்திருக்காரு" என்றார். சிரிப்பு எழுந்தது, சிலருக்கு அது கோபமாகவே வெளிப்பட்டது. ஓர் இளைஞர் எழுந்து, "எங்க புள்ளைங்க தூங்கற ஊரு சார் இது. உங்களுக்குப் படம் காட்டற எடமா?" என்றார். 

பெரியவர் கைகாட்டி எல்லோரையும் அமர்த்தினார். "நீங்க வந்து சொல்லலன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா சார்?"

"தெரிஞ்சிருக்காதுங்க."

அவர் என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். "தங்கச்சி, அந்த டிவி இப்ப என்னா காட்டும், என்னா காட்டாது? எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா."

அக்காவுக்கு இதைவிடப் பிடித்த கேள்வி உலகில் இல்லை. ஈரத் தரையில் கல்லால் ஆற்றை வரைந்தார். "மேல அணையிலேருந்து எவ்ளோ தண்ணி வருதுன்னு அது காட்டும் அண்ணா. உங்க மதகுல இப்ப எவ்ளோ நிக்குதுன்னு அதுக்குத் தெரியாது. பின்னாடி வரதைப் பாக்க அது. முன்னாடி நிக்கறதைப் பாக்க நீங்க."

பெரியவர் கூட்டத்தின் பக்கம் திரும்பி, இன்றைய முறை எந்த வீடு என்று கேட்டார். கோபப்பட்ட அதே இளைஞர் உரச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் மதகை நோக்கி நடந்தார்.

வெள்ளிக்கிழமை நண்பகலில் அந்த மதகிலிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. நீர் இரண்டாம் கோட்டைத் தொட்டுவிட்டது. எங்கள் கீழ்த் திரை அப்போதும் காலை அளவையே காட்டிக்கொண்டிருந்தது. அதன்படி ஆறு அமைதி. ஊர் தகரச் சத்தம் கேட்டு, மாடுகளை அவிழ்த்து, பள்ளிக் கட்டடத்துக்குப் போனது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்துப் புதிய அளவு வந்தது. திரையில் கொள்ளிடம் நீலத்திலிருந்து சிவப்பாக மாறிக்கொண்டே இறங்கிவந்ததை நான் நின்றபடி பார்த்தேன். பின்னால் வருவது முன்னால் வந்ததைவிடப் பெரிது. பள்ளிக்கூடமும் தாங்காது. உடனே பெரியவரை அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். பள்ளியை விட்டு மேட்டுச் சாலைக்குப் போகச் சொன்னேன். "உங்க டிவி சொல்லுதா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஆமாம் என்றேன். போனார்கள்.

மாலைக்குள் பள்ளியின் சன்னல்வரை நீர் ஏறியது. சில வீடுகளின் மண்சுவர் விழுந்தது. உயிர் எதுவும் போகவில்லை.

அக்காவை அழைத்து நடந்ததைச் சொன்னேன்.   "மதகுக்கும் திரைக்கும் நடுவுல எவ்ளோ நேரம்?" என்றார்.

"ஒரு மணி நேரம் இருக்கும்க்கா."

"கெடச்சிடுச்சு!"

அந்தக் கூவலில் அழுகையும் கலந்திருந்தது.

அடுத்த ஆண்டு கணவரின் வேலை நிமித்தமாக அவர் புதுச்சேரிக்குப் போய்விட்டார். கடை இருந்த இடத்தில் இப்போது வேறொருவர் கைபேசி விற்கிறார்.

அந்த மழைக்காலத்துக்குப் பிறகு நாங்கள் எந்த ஊருக்குப் போனாலும், எங்கள் அறையால் எதைப் பார்க்க இயலாது என்பதையே முதலில் சொல்கிறோம். அதைக் கேட்டுவிட்டு இரண்டு ஊர்கள் எங்களோடு சேர மறுத்துவிட்டன. சேர்ந்த ஊர்கள் அனைத்திலும் மழை நாளில் கரையில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார்.